முழங்கால் தண்ணீரில் விராலும் கெண்டையும்

நல்ல மழை பெய்த வருஷம் என்றால், வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிகிற தை, மாசிதான் ஆற்றில் தூண்டில் போட்டு விராலும் கெண்டையும் பிடிக்கச் சரியான நேரம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் கொசஸ்தலை ஆறு சில இடங்களில் முழங்கால் அளவுக்குத்தான் ஓடும், அடி மணல்கூடத் தெரியும். ஏரியில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் இங்கே வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம் இரை அல்ல, அவர்கள் நிற்கிற இடம். இவ்வளவு குறைந்த தண்ணீரில் நீங்கள் பார்ப்பதற்கு முன்னாடியே மீன் உங்களைப் பார்த்துவிடும்.

ஓடுகிற தண்ணீரில் மீன் எப்போதும் தண்ணீர் வரும் பக்கம் தலையை வைத்துத்தான் நிற்கும். அதனால் கீழேயிருந்து, அதாவது அதன் வால் பக்கமாக, கரையோரமே மெதுவாக மேலே ஏறுங்கள். தண்ணீரில் இறங்கவே வேண்டாம், கூழாங்கல் ஒன்று உருண்டாலே போதும், எல்லாம் கலைந்துவிடும். ஆறு பொதுவாகக் கிழக்கே எண்ணூரைப் பார்த்துப் போகிறது, மேலே ஏறினால் காலை வெயில் முதுகில் அடித்து உங்கள் நிழல் முன்னால் தண்ணீரில் நீளமாக விழும். ஆகவே ஒன்று விடியற்காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் போங்கள். என் ஓட்டு சாயங்காலத்துக்குத்தான்.

கெண்டையில் மிர்காலும் சாதா கெண்டையும் அடியில் மேய்பவை. வேகமாக வரும் தண்ணீர் திடீரென்று தளர்கிற இடம், வளைவின் உட்பக்கம், பெரிய கல்லுக்குப் பின்னால், இங்கெல்லாம் தேடுங்கள். கோதுமை மாவோடு பொடித்த கடலைப் பிண்ணாக்கைச் சேர்த்துக் கெட்டியாகப் பிசையுங்கள். ஆனால் ஓட்டத்தில் வெறும் மாவு நிற்காது, கரைந்து போய் வெறும் முள்தான் மிஞ்சும், அதனால் பிசையும்போதே கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டு நார் நாராகக் கலக்கவேண்டும். பிசைந்ததில் ஒரு உருண்டையைக் குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷம் உடையாமல் கிடந்தால் சரி. 0.30 மில்லிமீட்டர் தங்கூஸ் (நைலான் நரம்பு), 8ஆம் நம்பர் முள், அதற்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயம், இவ்வளவு போதும். தக்கையை ஆழத்தைவிடக் கொஞ்சம் மேலே தள்ளிக் கட்டினால்தான் இரை தரையில் படுக்கும். தக்கை துள்ளினால் பொடி மீன் கொத்துகிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். அது சாய்ந்து, நிதானமாக ஒரு பக்கம் நகர ஆரம்பித்தால் தூக்குங்கள். கெண்டைக்கு உதடு மெத்தென்று இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும்.

விரால் ஓட்டத்தில் நிற்காது. ஓரத்தில் ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டி, தண்ணீர் தேங்கிக் கிடக்கும் மூலைகளில்தான் இருக்கும். அதற்குக் காற்றைக் குடித்தே ஆகவேண்டும், ஆகையால் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பார்த்தால் எங்கேயாவது 'ப்ளக்' என்று வாயைத் திறந்து மூடிவிட்டுப் போகும். அந்த வளையத்தின் மேலேயே போடாமல், தாண்டிப் போட்டு ரப்பர் தவளையை இலை மேல் தத்தித் தத்தி இழுத்து வாருங்கள். இதற்குத் தங்கூஸ் ஆகாது, பின்னல் நூல் வேண்டும். அடித்த உடனே சுண்டக்கூடாது, தவளையை உள்ளே இழுத்துக்கொண்டு நூல் இறுகட்டும், அப்புறம் ஓங்கிச் சுண்டுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கும்பலாக மேலே நெளிவதைப் பார்த்தால் தாய் தகப்பன் காவலுக்குக் கீழேயே இருக்கும், சீண்டினால் கட்டாயம் அடிக்கும். அதைப் பிடிப்பதில் ஒரு பெருமையும் இல்லை. குஞ்சு மொத்தமும் கெளுத்திக்கு இரையாகிப் போகும்.

வல்லூர் அணைக்கட்டைத் தாண்டிக் கீழே போகாதீர்கள், அங்கே உப்புத் தண்ணீர் ஏறும், இந்த இரண்டு மீனுக்கும் ஆகாது. மணலி, எண்ணூர் பக்கம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்த தண்ணீர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அந்தப் பக்கத்து மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. புழல், சோழவரம் குடிநீர் ஏரிகள், அங்கேயும் வேண்டாம். ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற பூண்டி ஏரியில் மதகு திறந்தார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கு ஆற்றுப் பக்கமே போகவேண்டாம்.

கிடைத்த விராலை ஈரச் சாக்கில் சுற்றினால் வீடு வரைக்கும் உயிரோடு வரும். வழுவழுப்பு போக அடுப்புச் சாம்பலைத் தடவிக் கல்லில் உரசுங்கள், செதில் அப்புறம் சுலபமாக வரும்.