ஓடாமல் கிடந்த இன்ஜினைவிட ஓடித் தேய்ந்த இன்ஜின் மேல்

சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு விமானம் வாங்கப் போகிறேன் என்றால் சாப்பாட்டுக் கடையில் சிரிப்பார்கள். ஆனால் ஈப்போ விமான நிலையம் பக்கம்தானே. ஓட்டக் கற்றுக்கொண்டு, நாலைந்து பேர் பங்கு போட்டு, நாலு பேர் உட்காரும் சின்ன விமானமான செஸ்னா 172இல் பழையது ஒன்று பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெயின்ட், சீட் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரியும். இன்ஜின் விஷயத்தில் அவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மணிக்கணக்கைப் பார்த்து மயங்குவது

பழைய புரோட்டான் வாங்கும்போது மீட்டரைப் பார்க்கிற பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. "ஓவர்ஹாலுக்குப் பிறகு 300 மணிதான்", அதாவது இன்ஜினை முழுசாகப் பிரித்துப் புதுப்பித்த பிறகு 300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்றதும் முகம் மலர்ந்துவிடும். பழைய 172கள் பலவற்றில் இருக்கும் லைக்காமிங் கம்பெனியின் ஓ-320 இன்ஜினுக்குப் பொதுவாக 2,000 மணியில் ஓவர்ஹால் என்பது எல்லாருக்கும் தெரியும். அதோடு 12 ஆண்டு என்ற வரம்பையும் கம்பெனி சொல்லியிருப்பதைத்தான் யாரும் படிப்பதில்லை.

ஓவர்ஹால் செய்து 15 வருஷம், ஓடியது 300 மணி என்று வையுங்கள். கணக்குப் போட்டால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. மீதி நாளெல்லாம் நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா நின்றிருக்கிறது.

லைக்காமிங்கில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக கேம்), புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. இன்ஜின் நின்றதும் ஆயில் மெல்ல வழிந்து கீழே போய்விடும். நாள்கணக்கில் கிடந்தால் கேம் வெறும் இரும்பாகக் காய்ந்து, ஈரம் படிந்து, புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். அப்புறம் ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துரு, கேமோடு உரசி வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் முகத்தை அரைக்கும். மேல்தோல் உரியும், கேம் தேயும், வால்வு முழுசாகத் திறக்காது.

கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஒருவர் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கம்ப்ரஷன் எல்லாம் 80க்கு 76க்கு மேலே!" என்று போன் செய்தார். சிலிண்டரில் காற்று கசியாமல் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை, பிஸ்டன் ரிங்கையும் வால்வையும் பற்றிச் சொல்லும், கேமைப் பற்றி வாயே திறக்காது. பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி உள்ளே இரும்புத் தூள் இருக்கிறதா பாருங்கள் என்றேன். "புதுசு போட்டாச்சு, பழையதை வீசியாச்சு" என்றாராம் விற்பவர். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். டாக்டர் வாங்கிவிட்டார். அடுத்த ஆயில் மாற்றும்போது ஃபில்டர் மடிப்பில் காந்தத்தில் ஒட்டும் தூள், கேம் தேய்ந்த தூள். அந்த இன்ஜினில் கேமை மாற்ற, இன்ஜினின் உடற்கூடான கிராங்க்கேஸைப் பிளந்தாக வேண்டும். அவ்வளவு தூரம் போனபின் கேமை மட்டும் மாற்றி மூட யாருக்கு மனசு வரும்? முழு ஓவர்ஹால்தான்.

இதில் எனக்கு இன்றும் எரிச்சல், "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைப்பேன்" என்று பெருமையாகச் சொல்லும் விற்பவர்கள் மேல்தான். தரையில் சும்மா ஓடவிட்டால் ஆயிலில் சேர்ந்த ஈரம் போகிற அளவுக்குச் சூடு ஏறாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும் உள்ளேயே தங்கும். அதற்குச் சும்மாவே விட்டிருக்கலாம்.

சரி, என்ன செய்வது? விமானத்தின் பதிவேடான லாக்புக்கில் மொத்த மணியை விடுங்கள், பறந்த தேதிகளைப் பாருங்கள். இடைவெளி நீளமாக இருந்தால், ஒரு சிலிண்டரைக் கழற்றி கேமைப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். செலவு உங்களுடையது. மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

விற்பவரின் மெக்கானிக்கை வைத்தே பரிசோதிப்பது

வேண்டாம்.

புரொப்பெல்லர் ஏன் மாறியது என்று கேட்காமல் விடுவது

தரையில் தட்டியிருக்கலாம். தட்டிய லைக்காமிங்கில் கிராங்க்ஷாஃப்ட் கியரைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்ஏஏ 2004இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. சோதித்த பதிவு லாக்புக்கில் இருக்கிறதா?

மணி அதிகம் என்று ஒதுக்குவது

பயிற்சிப் பள்ளியில் வாரம் தவறாமல் பறந்து, 50 மணிக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாறிய 1,700 மணி இன்ஜினைப் பார்த்தால் ஓடாதீர்கள். ஓவர்ஹால் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.