மணலுக்குள் வெற்றிடம்: அலுமினிய வி-பிராசஸ் வார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றை உறிஞ்சி அடைத்த காப்பித்தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். செங்கல் மாதிரி விறைத்து நிற்கும். ஓரத்தைக் கத்தரித்ததும் உஸ்ஸென்று காற்று புகும். அப்புறம் அது வெறும் தூள்தான். 1971-இல் ஜப்பானில் உருவான வி-பிராசஸ் வார்ப்பு முறை இந்தப் பாக்கெட்டைத்தான் மோல்டாக, அதாவது உருகிய உலோகத்தை ஊற்றும் அச்சாகப் பயன்படுத்துகிறது. மணலில் களிமண் கிடையாது, தண்ணீர் கிடையாது, ரெசின் பசை கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் பிலிமுக்கு நடுவே காய்ந்த மணல் இருக்கிறது, அதிலிருந்து காற்றை உறிஞ்சியிருக்கிறார்கள், அவ்வளவே.

வேலை நடக்கும் விதம் இது. வார்க்க வேண்டிய பொருளின் வடிவில் செய்த பேட்டர்ன் முழுக்க ஒரு மி.மீ. அளவிலோ அதைவிடச் சின்னதாகவோ துளைகள் இருக்கும். அதன் அடியில் ஒரு காற்றறை. சூட்டில் இளகிய ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிட்டேட்) பிளாஸ்டிக் பிலிமை மேலே இறக்கி, துளைகள் வழியாக உறிஞ்சினால் பிலிம் தோல்போலப் பேட்டர்னில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் வெப்பம் தாங்கும் பூச்சைத் தெளித்து உலர்த்துவார்கள். சுவரில் உறிஞ்சுகுழாயும் வடிகட்டியும் உள்ள பாக்ஸை வைத்து, நைசான உலர்மணலைக் கொட்டி, அதிரவைத்து இறுக்கி, முதுகுப் பக்கம் இன்னொரு பிலிமைப் போர்த்தி, பாக்ஸில் வேக்குவம் கொடுப்பார்கள். மணல் கல்லாகிவிடும். பேட்டர்ன் பக்கத்து உறிஞ்சலை நிறுத்திக் கொஞ்சம் காற்றடித்தால் மோல்டு கழன்று வரும். மேல் பெட்டியையும் கீழ்ப் பெட்டியையும் சேர்த்து, வேக்குவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலோகத்தை ஊற்றுவார்கள். உறைந்தபின் வேக்குவத்தை நிறுத்தினால் மணல் தானே உதிர்ந்துவிடும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரீன் சாண்டில், அதாவது களிமண்ணும் ஈரமும் கலந்த மணல் அச்சில், பத்து இருபது வருடம் கை பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே மணலைப் பிடித்து வைப்பது களிமண். ஒருமுறை இடித்து இறுக்கிவிட்டால் மோல்டை மறந்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். இங்கே மணலைப் பிடித்து வைப்பது உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் அழுத்த வித்தியாசம். அது ஊற்றி முடியும்வரை நொடிக்கு நொடி இருந்தாக வேண்டும்.

வேக்குவம் எங்கே இருக்கிறது?

பெயரைக் கேட்டதும் வரும் முதல் தவறு, அச்சுக்குழிக்குள்தான் வெற்றிடம் இருக்கிறது என்று நினைப்பது. உருகிய உலோகத்தை உலோக அச்சுக்குள் அழுத்தித் தள்ளும் வேக்குவம் டை காஸ்டிங்கில் குழிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். அது வேறு சமாச்சாரம். வி-பிராசஸில் வெற்றிடம் மணலுக்குள். குழிக்குள் நம்மைச் சுற்றியிருக்கும் அதே காற்றழுத்தம் இருக்க வேண்டும். அந்தக் காற்றுதான் பிலிமை மணலோடு அழுத்திச் சுவரை நிறுத்தி வைக்கிறது. பாக்ஸில் 380 மி.மீ. பாதரச அளவுக்கு வேக்குவம் இருந்தால் அரை வளிமண்டல வித்தியாசம். ஒரு சதுர மீட்டர் சுவரை ஏறக்குறைய 5 டன் எடை அழுத்துகிற மாதிரி.

இது புரியாதவர்கள், ‘காற்று போய்விடக் கூடாது’ என்று ரைசரையும் (உறையும்போது கூடுதல் உலோகம் தரும் மேல்திறப்பு) வென்ட்டையும் (காற்றுத்துளை) மூடி வைத்துவிடுவார்கள். ஊற்றத் தொடங்கியதும் ஸ்ப்ரூவை, அதாவது ஊற்றும் வாய்க்குழாயை, உலோகம் அடைத்துக்கொள்ளும். உள்ளே பிலிம் எரிந்த இடங்கள் வழியாகக் குழிக்காற்றைப் பம்பு மணலுக்குள் இழுக்கும். வெளியிலிருந்து காற்று வர வழியில்லை. குழியின் அழுத்தமும் மணலின் அழுத்தமும் ஒன்றை ஒன்று நெருங்க, மேல் பெட்டி மணல் பொத்தென்று உலோகத்தின் மேல் விழும். அதனால் குழியின் உயரமான இடங்களில் வெளிக்காற்றோடு தொடர்புள்ள திறப்புகள் கட்டாயம் வேண்டும். ஊற்றுவதற்கு முன் அவற்றின் வாயில் பிலிம் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. வேக்குவத்தில் ஊற்றுகிறோமே, வாயுக் குறை வராது என்ற நம்பிக்கையும் இதே குழப்பத்தின் தம்பி. அலுமினிய உருகலில் கரைந்திருக்கும் ஹைட்ரஜனுக்கும் பாக்ஸ் வேக்குவத்துக்கும் சம்பந்தமே இல்லை. உறையும் இடத்தில் திட அலுமினியம் தாங்கும் ஹைட்ரஜன், திரவத்தில் கரைவதில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். மீதி பின் ஹோலாக, அதாவது ஊசித்துளைகளாக வெளியே வந்தாக வேண்டும். நைட்ரஜனோ ஆர்கானோ விட்டு வாயு நீக்குவதும், குறைந்த அழுத்தத்தில் மாதிரியை உறையவைத்துப் பார்ப்பதும் இங்கேயும் அதேபோல அவசியம். சொல்லப்போனால் இன்னும் கூடுதலாக. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

ஊற்றுவதில் இரண்டு கட்டளைகள்

இந்த முறையில் அலுமினியம் ஊற்றுகிறவருக்கு ஒன்றோடொன்று முட்டும் இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, சீக்கிரம் நிரப்பு. உலோகம் ஏறி வரும்போது அதன் சூடு பட்டு, இன்னும் நனையாத இடத்துப் பிலிமும் எரிந்துபோகும். பிலிம் போன இடத்தில் பூச்சு மட்டும்தான் காவல். தயங்கித் தயங்கி ஊற்றினால் காற்று கசிந்து வேக்குவம் இறங்கும். இரண்டு, மெதுவாக நுழையவிடு. குழிக்குள் உலோகம் நுழையும் வாயான இன்கேட்டில் அலுமினியம் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் பாய்ந்தால் மேற்பரப்பின் ஆக்சைடு தோல் மடிந்து உள்ளே புதைந்துவிடும். வார்ப்பியல் அறிஞர் ஜான் கேம்பெல் போன்றவர்கள் பல வருடமாக வலியுறுத்தி வரும் எல்லை இது. அந்த வேகத்தை எட்ட வெறும் 13 மி.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே போதும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பெரும்பாலோர் இதில் ஒன்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். கிரீன் சாண்டில் போட்ட அதே கேட்டிங்கை (உலோகம் ஓடும் வழிகளின் அமைப்பு) அப்படியே இங்கே வைத்து, உயரத்திலிருந்து வேகமாகக் கொட்டுவார்கள். மோல்டு நிற்கும், வார்ப்பும் பளபளவென்று வரும். மெஷினிங்கில்தான் ஆக்சைடு மடிப்பு கண்ணில் படும், இல்லையென்றால் அழுத்தச் சோதனையில் கசியும். இரண்டு கட்டளைக்கும் ஒரே பதில் இன்கேட்டை அகலமாக்குவது. கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ரைசர் உட்பட 12 கிலோ உலோகம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திரவ அலுமினியத்தின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 2.4 கிலோ என்பதால் அது 5 லிட்டர். 10 நொடியில் நிரப்ப வேண்டுமானால் நொடிக்கு 500 கன செ.மீ. வேகம் 50 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்றால் இன்கேட்டுகளின் மொத்தப் பரப்பு குறைந்தது 10 சதுர செ.மீ. இதை இரண்டு மூன்று இடமாகப் பிரித்துக் கீழிருந்து நிரம்பும்படி வையுங்கள். கட்டுப்பாடு ஸ்ப்ரூவின் அடியில் இருக்கட்டும். அதற்கப்புறம் ரன்னர் (ஸ்ப்ரூவையும் இன்கேட்டையும் இணைக்கும் கால்வாய்), இன்கேட் எல்லாம் விரிந்துகொண்டே போகட்டும். ரன்னரில் ஒரு செராமிக் நுரை வடிகட்டி வைத்தால் பாய்ச்சல் இன்னும் அடங்கும்.

ஊற்றும்போது ஸ்ப்ரூ கப் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். கரண்டியில் உலோகம் போதாமல் நடுவில் நிறுத்தி, இன்னொரு கரண்டி எடுத்து வருவது இங்கே எடுபடாது. மெல்லிய சுவர் நிரம்பவில்லை என்றதும் சூட்டை ஏற்றுவதும் அவசரப் புத்திதான். களிமண் ஈரம் இல்லாததால் இந்த மோல்டு உலோகத்தின் சூட்டை மெதுவாகத்தான் உறிஞ்சும். கிரீன் சாண்டைவிட இதில் உலோகம் நன்றாகவே ஓடும். ஏ356 போன்ற அலுமினிய-சிலிக்கான் கலவைக்கு 700 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆரம்பித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றலாம். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஹைட்ரஜன் கூடும்.

பிலிமும் பூச்சும்

பிலிமின் தடிமன் 0.05 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம். அதைச் சூடாக்கும் நேரம் கடிகாரத்தைவிடக் கண்ணுக்குத்தான் நன்றாகத் தெரியும். கண்ணாடிபோல மினுங்கத் தொடங்கும் கணம்தான் பதம். அதற்கு முன் இறக்கினால் மூலைகளில் உட்காராது. அதைத் தாண்டினால் ஓட்டை விழும். பதம் சரியாக இருந்தும் மூலைகள் மழுங்கி வந்தால் பேட்டர்ன் துளைகளைப் பாருங்கள். பழைய பூச்சும் மணல்தூளும் சேர்ந்து அடைத்திருக்கும்.

அகலத்தைவிட ஆழம் அதிகமான பள்ளங்களில் பிலிம் இழுபட்டு மெலிந்துபோகும். அங்கே துளைகளைக் கூட்டலாம், விளிம்பை உருட்டலாம், தடித்த பிலிம் போடலாம். அதற்கும் மசியாவிட்டால் அந்தப் பள்ளத்தைக் கோர் (தனியாகச் செய்து அச்சுக்குள் வைக்கும் மணல் துண்டு) வைத்து எடுப்பதே மரியாதை. கிழிசலை டேப் ஒட்டி மூடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். முதுகுப் பக்கம் என்றால் தாராளமாகச் செய்யலாம். உலோகம் தொடும் பக்கத்தில் அடுக்கடுக்காக டேப் ஒட்டினால், அது எரிந்து வரும் வாயு வார்ப்பில்தான் போய் உட்காரும்.

பூச்சைப் பலர் மேற்பரப்பு வழவழப்புக்காக மட்டும் அடிப்பதாக நினைக்கிறார்கள். பிலிம் மறைந்ததும் சீலாக நிற்பது இந்தப் பூச்சுதான். மேடுகளில் கனமாகவும் செங்குத்துச் சுவரில் பட்டும் படாமலும் அடித்தால், மெலிந்த இடத்தில் உலோகம் மணலுக்குள் ஊடுருவிச் சொரசொரவென்று வரும். உலர்த்துவதிலும் ஒரு பழக்கதோஷம் உண்டு. சாதாரண மணல் மோல்டில் ஸ்பிரிட் கலந்த பூச்சை அடித்துவிட்டுத் தீ வைத்து எரிப்பார்கள். நான் பார்த்த ஒரு பட்டறையில் புதிதாக வந்தவர் இங்கேயும் அதே நினைப்பில் பற்றவைத்துவிட்டார். பூச்சு உலர்ந்தது, கூடவே பிலிமும் சுருண்டது. இதற்கு மிதமான சூடுள்ள காற்றுதான் வேண்டும். அரைகுறையாக உலர்ந்த பூச்சின் மேல் மணலைக் கொட்டினாலும் தொல்லைதான். மிச்ச ஈரம் ஆவியாகி அலுமினியத்துக்கு ஹைட்ரஜனை ஊட்டும்.

கேஜ், குழாய், வால்வு

பம்பு அருகிலிருக்கும் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துவிட்டு வேக்குவம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். வடிகட்டி அடைத்திருந்தால் பம்பில் முள் நன்றாகவே நிற்கும், பாக்ஸில் ஒன்றும் இருக்காது. கேஜ் பாக்ஸில் இருக்க வேண்டும். ஊற்றும்போது முள் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

300 முதல் 600 மி.மீ. பாதரசம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. இருக்கட்டுமே என்று உச்சத்தில் வைப்பதும் தவறு. வேக்குவம் கூடக் கூட உலோகத்தை மணலுக்குள் இழுக்கும் விசையும் கூடும். மோல்டு அசையாமல் நிற்க எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும். பெட்டியை ஊற்றும் இடத்துக்கு நகர்த்தும்போது ஒரு குழாயைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் சில நொடி இடைவெளியில் மோல்டு தளர்ந்துவிடும். அதனால் புதுக் குழாயை மாட்டி, வால்வைத் திறந்த பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை தாக்குப்பிடிக்கப் பெரிய வேக்குவம் தொட்டியும், காற்று பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வும் வேண்டும். உருகிய உலோகம் நிற்கும் மோல்டு சரிந்தால் வார்ப்பு நஷ்டத்தோடு போகாது.

மணல்

இந்த முறையில் மணல் திரும்பத் திரும்பப் பயன்படும் என்பது உண்மை. ஆனால் அடித்து உதிர்த்த சூட்டோடு திருப்பிக் கொட்டக் கூடாது. சுமார் 50 டிகிரிக்குக் கீழே ஆறாத மணல் பிலிமை இளக்கிவிடும். கோரிலிருந்து வந்த ரெசின் கட்டிகளைச் சல்லடையில் நீக்காவிட்டால் இறுக்கம் ஒரே சீராக இருக்காது. அதிர்வு கொடுக்கும்போது ஒரே மூச்சில் பெட்டியை நிரப்பிவிட்டு ஆட்டுவதைவிட, பாதி கொட்டி ஆட்டி, மீதியைக் கொட்டி ஆட்டினால் பேட்டர்னின் இடுக்குகளில் மணல் போய்ச் சேரும். இறுகாத இடம் வேக்குவத்தில் உள்வாங்கும். வார்ப்பு அங்கே புடைத்து வரும்.

ஊற்றிய பிறகு

மோல்டு சூட்டை மெதுவாக உறிஞ்சுவதால் உலோகம் நன்றாக ஓடும் என்றேன். அதே காரணத்தால் வார்ப்பும் மெதுவாக உறைகிறது. மெதுவாக உறைந்தால் உள்ளமைப்பு முரட்டுப்படும், ஹைட்ரஜனுக்குக் குமிழாக வளர நேரம் கிடைக்கும். வாயு நீக்கத்தை இங்கே இன்னும் கவனமாகச் செய்யச் சொன்னது அதனால்தான். கனமான பாகங்களின் ஓரத்தில் சில் (சூட்டைச் சீக்கிரம் இழுக்கும் உலோகத் துண்டு) வைப்பதும், ஸ்ட்ரான்சியம் சேர்த்துச் சிலிக்கானை நுண்மையாக்குவதும் இதை ஓரளவு ஈடுகட்டும். டை காஸ்டிங்கில் கிடைத்த பலத்தை அப்படியே எதிர்பார்த்து வரைபடத்தில் எழுதிவிட்டுப் பிறகு சண்டை போடுவதில் பலனில்லை.

வேக்குவத்தை எப்போது நிறுத்துவது? உறையும் முன் நிறுத்தினால் சுவர் சரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பயந்துகொண்டு நெடுநேரம் வைத்திருப்பதும் கெடுதல்தான். அலுமினியம் சுருங்கப் பார்க்கும், கல்லாக நிற்கும் மணல் விடாது, மெல்லிய சந்திப்புகள் விரிசல் விடும். உறைந்ததும் நிறுத்திவிட்டு, பெட்டியிலேயே தளர்ந்த மணலுக்குள் ஆறவிடலாம்.

பிலிம் எரியும்போது வினிகர் போன்ற ஒரு புளித்த வாடை வரும். ஈ.வி.ஏ. சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருவதால் அப்படி. பம்பின் வெளியேற்றுக் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடாத பட்டறைகளில் இந்த வாடைக்கு எல்லோரும் பழகிவிடுகிறார்கள். வாடையாவது மூக்குக்குத் தெரிகிறது. பைண்டர் இல்லாத உலர் சிலிக்கா மணல் உதிரும்போது எழும் நுண்தூசி கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நுரையீரலில் தங்கி வருடங்கள் கழித்து சிலிக்கோசிஸாக வெளிப்படும். பெட்டி உடைக்கும் இடத்தில் தூசி உறிஞ்சி ஓட வேண்டும், அங்கே நிற்பவர்கள் முகத்தில் சரியான சுவாசக் கவசம் இருக்க வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொள்வது இதற்குக் காணாது.