வன்னியில் கிடைக்கும் சுங்கான் துண்டுகள்: தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியப்பா ஒரு பால்மா ரின்னில் வெள்ளைத் தண்டுத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். பார்த்தால் சோக்குக்கட்டி மாதிரி இருக்கும். நடுவில் மட்டும் நேரான ஒரு துளை. முல்லைத்தீவில் எங்கள் தென்னங்காணியில் கிணறு வெட்டியபோது வந்தவை சில, பூநகரியில் மாமி வீட்டு வளவில் கிடந்தவை சில, மன்னாருக்குப் போன இடத்தில் யாரோ கொடுத்தவை சில. மூன்றும் ஒரே ரின்னுக்குள். அவர் இருந்தவரைக்கும் ஒரு துண்டைக் கையில் எடுத்ததுமே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். அவர் போன பிறகு ரின் என்னிடம் வந்தது. அவை பழைய புகையிலைச் சுங்கான்கள் என்று எனக்குத் தெரியும். எந்தத் துண்டு எந்த மண்ணில் கிடந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. அந்த இழப்பு இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. நான் இதை எழுதுவதே அதனால்தான்.

வெண்களிமண்ணை உருட்டி, தண்டுக்குள் கம்பியைச் செலுத்தித் துளை போட்டு, இரண்டு பாதியான உலோக அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டெடுப்பதுதான் இந்தச் சுங்கான். நெதர்லாந்தில் கௌடா நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே சுங்கான் செய்வோரின் தொழிற்சங்கம் 1660 இல் உருவானது. ஒல்லாந்தர் 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1795 இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய சிப்பாய்களும் மாலுமிகளும் எழுதுவினைஞர்களும் இவற்றில் புகைத்தார்கள், உடைந்ததும் எறிந்தார்கள். விலை மலிவு, சுலபமாக உடையும், திருத்த முடியாது. ஒரு நாணயம் மூன்று தலைமுறை கைமாறும். சுங்கானோ செய்து சில காலத்துக்குள்ளேயே குப்பைக்குப் போய்விடும். அதனால்தான் ஓர் இடத்தில் மனிதர் எப்போது இருந்தார்கள் என்று அறிய அது அவ்வளவு உதவுகிறது.

மண்வெட்டியோடு புறப்படுவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். பூநகரிக் கோட்டைப் பக்கம், ஆனையிறவு, முல்லைத்தீவுக் கரை என்று பழைய ஒல்லாந்தர் இடங்களாகப் பார்த்துத் தோண்டிப் பார்க்கலாம் என்று ஆர்வத்தில் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த இடங்களில் பல, போர்க் காலத்தில் முன்னரங்கமாக இருந்தவை. முகமாலைப் பக்கத்தில் எத்தனை வருடமாகக் கண்ணிவெடி அகற்றுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். சிவப்புப் பலகை இல்லாத இடம் என்பதற்காக அது பாதுகாப்பான இடம் ஆகிவிடாது. மண்ணில் தெரியாத எதையும் காலால் கிளறவோ கம்பியால் குத்தவோ கூடாது; பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

வெடி இல்லாத காணியென்றாலும் சட்டம் இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளுக்காகத் தோண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் சொந்தக் காணியிலும் அப்படித்தான். மண்ணுக்குள் இருந்தாலும் மேலே கிடந்தாலும், கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசுக்குரியது. காணி என்னுடையது, ஆகவே பொருளும் என்னுடையது என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. கனடாவில் இருந்து லீவில் வரும் சொந்தக்காரருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தனுப்புவது நல்ல மனதோடு செய்யும் குற்றம்.

இந்தச் சட்டம் தொல்பொருளுக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்தியதா பிந்தியதா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது தற்செயலாக ஏதும் வந்தால், கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ உடனே சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் சேகரிப்பதற்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. படம், அளவு, இடக்குறிப்பு, ஊராரின் நினைவு, வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் துண்டுகளின் பட்டியல். வன்னிக்கு இன்று தேவைப்படுவது இந்தச் சேகரிப்புத்தான்.

இடத்தைத் தொலைப்பது

பெரியப்பாவின் தவறு இது. துண்டைப் பார்த்த உடனேயே எழுத வேண்டியவை: எந்தக் காணி, கிணற்றிலிருந்தோ மரத்திலிருந்தோ எத்தனை அடி தூரம், மேல்மண்ணா ஆழமா, எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது. போனில் இடக்குறிப்பு எடுக்கலாம்; ஆனால் போன் தொலையும், உடையும். கொப்பியிலும் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் கரைந்துவிடும். வீட்டில் ஏற்கெனவே துண்டுகள் இருந்தால் ஒவ்வோர் இடத்தினதையும் தனிப் பையில் போட்டு, உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் விவரம் எழுதி வையுங்கள். அதற்கும் மேலாக, அவற்றைத் தந்தவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். இடம்பெயர்வில் எத்தனையோ வீட்டுக் கொப்பிகளும் படங்களும் போய்விட்டன. பல குடும்பங்களில் மூத்தவர்களின் ஞாபகம் மட்டும்தான் பதிவேடு.

வன்னி மண்ணைப் பற்றி வெளியூர் வழிகாட்டிகள் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் ஆழம் கூடினால் காலம் முந்தியது என்று ஓரளவுக்கு நம்பலாம். இங்கே பங்கர் வெட்டினோம். மைல் கணக்கில் மண் அணை கட்டினார்கள், பிறகு புல்டோசர் விட்டுத் தள்ளினார்கள். மீள்குடியேறியபோது பள்ளம் நிரப்ப எங்கெங்கிருந்தோ கிரவலும் மணலும் பறித்தோம். ஆகவே ஒரு சுங்கான் தண்டு பிளாஸ்டிக் போத்தல் மூடிக்குக் கீழே கிடந்தால் அது போலி என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கோட்டையே இல்லாத ஒரு காணியில் பத்துத் துண்டு கிடந்தால் அங்கே ஒல்லாந்தர் முகாம் இருந்தது என்று எழுதிவிடவும் கூடாது. முதலில் கேட்க வேண்டியது: இந்த மண் இந்தக் காணியின் மண்தானா? காணிக்காரர், உழவு இயந்திரக்காரர், அணை வெட்டியபோது இருந்தவர்கள் எல்லோரும் இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள். நான் பேசியவர்களில் மிகவும் துல்லியமாகச் சொன்னவர் மண் ஏற்றி இறக்கிய ஒரு தம்பிதான். எந்த லோட் எந்த வாய்க்கால் கரையிலிருந்து வந்தது என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருந்தது.

பார்த்ததும் பெயர் வைப்பது

வெள்ளையாக, குழலாக இருப்பதெல்லாம் சுங்கான் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் முருகைக்கல் கொடியும் கடற்புழுவின் சுண்ணக் கூடும் ஒதுங்கும். பழைய மின்கம்பிக்குப் போடும் பீங்கான் குழல் வரும். பறவை எலும்பு வரும். வலையில் கட்டும் சுட்டமண் குண்டுக்கும் நடுவே துளை இருக்கும். ஆனால் அது தடித்து, செங்கல் நிறமாக இருக்கும். சுங்கான் தண்டு வெள்ளை அல்லது மங்கிய வெள்ளை. துளை ஒரே சீராக, கம்பி போன வழியில் நேராக ஓடும். பக்கவாட்டில் விரலை ஓட்டினால், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு சிலவேளை தட்டுப்படும். பீங்கானுக்கு உள்ள மினுக்கம் இதற்கு இராது.

அடுத்த அவசரம், எல்லாவற்றையும் ஒல்லாந்தர் தலையில் போடுவது. தண்டில் கிளாஸ்கோ என்று ஆங்கில எழுத்து அச்சிட்டிருந்தால் அது 19 ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வந்தது. அந்த நகரத்தின் மக்டூகல் நிறுவனம் 1846 இல் தொடங்கி 1967 வரை சுங்கான் செய்தது. வன்னியில் ஆங்கிலேயர் காலத்திலும் சிப்பாய்களும் பொறியியலாளரும் றெயில்பாதை போட்டவர்களும் இருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. குதியின் அடியில், அதாவது புகையிலை போடும் கிண்ணத்தின் கீழே துருத்தும் சிறு காலில், செய்தவரின் ரோசாப்பூ முத்திரை இருந்தால் உடனே இங்கிலாந்துச் சுங்கான் என்று சொல்லிவிடுகிறார்கள். கௌடாவில் இந்தத் தொழிலைத் தொடங்கியவர்களில் ஒருவரே, 1617 அளவில் அங்கே குடியேறிய வில்லியம் பார்னெல்ட்ஸ் என்ற ஆங்கிலேயச் சிப்பாய்தான். ரோசாப்பூவும் அப்படியே நெதர்லாந்துக்குப் போய்ப் பலருடைய முத்திரையானது.

முத்திரையை மட்டும் வைத்து வருடம் சொல்லிவிடுவது இதைவிட ஆபத்து. கௌடாவில் ஒரு முத்திரை சொத்து மாதிரி. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும், விற்கப்படும், வாடகைக்குக்கூடக் கொடுக்கப்படும். கிரீடத்துக்குக் கீழே இரண்டு எழுத்து உள்ள ஒரே முத்திரை நூறு வருடத்துக்கு மேலும் பாவனையில் இருந்திருக்கலாம். வேறு ஊர்க்காரர், குறிப்பாக அல்பென் பக்கத்தவர், கௌடா முத்திரைகளைக் களவாகவும் போட்டார்கள். ஆகவே முத்திரையோடு கிண்ணத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிலை விலை கூடுதல், கிண்ணமும் சிறியது, நடுவில் பொம்மியது; காலம் போகப் போகப் பெரிதாகிறது. குதியின் பக்கத்தில் கௌடா நகரச் சின்னம், அதாவது நடுப்பட்டையின் இரு பக்கமும் மும்மூன்று நட்சத்திரம் உள்ள சிறு கேடயம், இருந்தால் அது 1740 அளவுக்கு முந்தியதாக இருக்க முடியாது. கேடயத்துக்கு மேலே எஸ் எழுத்து இருந்தால் சாதாரணத் தரம். இந்தச் சின்னம் ஒரு நெல்மணி அளவுகூட இராது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் மரியாதையோடு சொல்கிறேன். முல்லைத்தீவுப் பக்கம் கிடைப்பதையெல்லாம் பண்டாரவன்னியன் காலத்துச் சுங்கான் என்று முகநூலில் போடுகிறார்கள். அவர் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியபோது எதிரில் இருந்தவர்கள் ஆங்கிலேயர். ஒல்லாந்தர் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. அதே வருடம் ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கிடம் அவர் தோற்றதைச் சொல்லும் கல் அங்கே நடப்பட்டது. அவருடைய பெருமைக்கு நம் சுங்கான் துண்டு தேவையில்லை. ஒரு தண்டால் ஓர் ஆளின் பெயரைச் சொல்லவும் முடியாது.

துளையை அளந்து வருடம் சொல்வது

இணையத்தில் தேடினால் ஒரு கணக்கு உடனே கிடைக்கும். 1954 இல் ஹரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பழைய தண்டுகளின் துளை பெரிது, பிந்தியவற்றின் துளை சிறிது என்று கண்டார். அங்குலத்தின் 64 இல் 9 பங்கு தொடக்கம் 4 பங்கு வரை, அதாவது ஏறத்தாழ 3.6 மில்லிமீற்றரிலிருந்து 1.6 வரை குறைகிறது. 1962 இல் பின்ஃபோர்ட் என்ற இன்னோர் ஆய்வாளர் அதை ஒரு சமன்பாடாக்கினார்: 1931.85 இலிருந்து, சராசரித் துளையை (64 இல் எத்தனை பங்கு என்ற எண்ணை) 38.26 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். நானும் ஒருநாள் துளையிடும் அலகுகளை ஒவ்வொன்றாகச் செருகி அளந்து கணக்குப் போட்டேன். வருடம் தசமத்தோடு வந்தது. ஒரு கிழமை அந்தச் சந்தோசத்திலேயே இருந்தேன்.

பிறகுதான் விளங்கியது. அந்தக் கணக்கு அமெரிக்காவில் கிடைத்த ஆங்கிலேயச் சுங்கான்களை வைத்துப் போட்டது. ஒல்லாந்தச் சுங்கானுக்கு அது பொருந்தாது. ஒரே இடத்தில் கிடைத்த ஏராளமான தண்டுகளின் சராசரிக்குத்தான் அது ஏதோ அர்த்தம் தரும். ஒரு பிடி துண்டுக்கு இல்லை. 18 ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு வந்தால் ஆங்கிலச் சுங்கானிலேயே அது பிசகுகிறது. துளையை அளந்து எழுதி வையுங்கள், அதில் தவறில்லை. வருடமாக மாற்ற வேண்டாம்.

தேய்த்துக் கழுவுவது

கரையில் கிடந்த துண்டுக்குள் உப்பு ஊறியிருக்கும். அப்படியே காய விட்டால் உப்பு பூத்து மேற்பரப்பு உதிரும். அதனால் திணைக்களத்தாரிடம் கொடுக்கும்வரை நல்ல தண்ணீரில் போட்டு, நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவது நல்லது. அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். அசிட், குளோரின், பாத்திரம் விளக்கும் கம்பி, பழைய பல்துலக்கி எல்லாம் முத்திரையைத் தின்றுவிடும். கிண்ணத்துக்குள் இருக்கும் கரியைச் சுரண்டவே கூடாது. அதில் என்ன புகைத்தார்கள் என்று ஆய்வுகூடத்தில் பார்க்க முடியும். உடைந்ததைச் சுப்பர் குளூ போட்டு ஒட்டினால் பிறகு ஒழுங்காகக் கழற்ற முடியாது. படம் எடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள். நாணயம் வேண்டாம், நம் நாணயங்களின் அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சரியான இடத்தைப் பொதுவெளியில் போடவும் வேண்டாம். புதையல் தேடுகிறவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தை வன்னியாக்குவது, விடையைக் கேள்விக்குள் வைப்பது

கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தர் ஆவணங்கள் இருக்கின்றன. பழைய ஒல்லாந்துக் கையெழுத்து எல்லோராலும் வாசிக்கக்கூடியது இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் கொமாந்தராக, அதாவது ஆட்சித் தலைவராக இருந்த ஸ்வார்டெக்ரூன் 1697 இல் எழுதிய நிருவாகக் குறிப்பு 1911 இல் ஆங்கிலத்தில் வந்தது. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூல் 1895 இல் வந்தது. தொடங்குவதற்கு இவை போதும். ஆனால் ஸ்வார்டெக்ரூனின் குறிப்பு பெரும்பாலும் யாழ்ப்பாணத்தைப் பற்றியது. வன்னி அதில் முக்கியமாக யானைத் திறை தரவேண்டிய நாடாக வருகிறது. யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சொன்னதை எடுத்து முல்லைத்தீவுக்கும் அப்படியே எழுதிவிடக் கூடாது.

ஊராரிடம் கேட்கும்போது "இது வெள்ளைக்காரன்ர சுங்கான்தானே?" என்று தொடங்கினால் "ஓம் தம்பி" என்றுதான் பதில் வரும். நான் கொஞ்சக் காலம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், எல்லோரும் ஓம் என்றார்கள். பிறகு ஒருநாள், எங்கள் தென்னங்காணிக்கு அடுத்த வளவு அம்மம்மாவிடம் ரின்னைத் திறந்து காட்டி, "இதைப் பார்த்திருக்கிறியளோ அம்மம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சுங்கான் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து உதட்டில் வைத்து, விசில் ஊதுவது போல ஊதிக் காட்டினார். சின்ன வயதில் மழை விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் ஓடிப்போய் இதைத்தான் பொறுக்குவார்களாம். எங்கே என்று கேட்டேன். கிணற்றுப் பக்கம் இல்லை, பழைய புளியமரத்துக்குக் கிழக்கே, கடற்பக்கம் சரியும் இடம் என்றார். புளியமரம் இப்போது இல்லை. அதன் அடிக்கட்டை இருக்கிறது. அங்கிருந்து வேலி வரை தூரத்தை அளந்து, அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதி, திகதி போட்டேன்.