டர்பன் வக்கீல்களின் காரும் கடனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வக்கீல்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். அவர்கள் என்ன கார் ஓட்டுகிறார்கள் என்று ஊருக்குத் தெரியும்; அந்தக் காருக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று எனக்குத் தெரியும். நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள்தான். ஆனாலும் பிப்ரவரிக் கடைசியில் பலர் கையைப் பிசைந்துகொண்டு என் மேசைக்கு எதிரே உட்காருகிறார்கள்.

பில் போட்டவுடனே பணம் வந்துவிட்டதாக நினைப்பதுதான் எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு. 1,15,000 ராண்டுக்கு ஒருவர் பில் அனுப்புகிறார். அதில் 15,000 மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட். அது அரசாங்கத்தின் காசு. மீதியில் அலுவலக வாடகையும் ஊழியர் சம்பளமும் போக நிற்பதற்கு வருமான வரி உண்டு. உச்சப் படியில் இருப்பவருக்கு 45 விழுக்காடு. அவர் மனத்திலோ 1,15,000 என்ற எண் மட்டும் பச்சை குத்தியதுபோல் நிற்கிறது. பில் தேதியை வைத்து வாட் கணக்கிடும் முறையில் இருப்பவர்பாடு இன்னும் மோசம். கட்சிக்காரர் ஒரு காசும் தராத பில்லுக்கும் வாட் கட்டியாக வேண்டும். விபத்தில் அடிபட்டவர்களுக்கு அரசின் சாலை விபத்து நிதியம் தரும் இழப்பீட்டை நம்பி வழக்கு நடத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள், காத்திருப்பு என்றால் என்னவென்று சொல்வார்கள். கார் தவணை மட்டும் காத்திருக்காது.

கார் வாங்குவதையே நான் குறை சொல்லவில்லை. உம்ஷ்லாங்காவிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்துக்கு அடிக்கடி போய்வருபவருக்கு நல்ல வண்டி வேண்டும். வயிற்றெரிச்சல் எல்லாம் கார் கடனில் ஒரு பெருந்தொகையைக் கடைசியில் கட்டத் தள்ளி வைக்கும் அந்தப் ‘பலூன்’ மேல்தான். 15 லட்சம் ராண்ட் காரில் 30 விழுக்காட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்தால் மாதத் தவணை இறங்கும். 72 மாதம் கட்டி முடித்த பிறகு 4,50,000 ராண்ட் மொத்தமாக வாசலில் நிற்கும். அந்தத் தொகைக்கும் இத்தனை காலம் வட்டி ஓடியிருக்கும். பழைய காரைக் கொடுத்து அதை அடைத்துவிட்டு, மறுபடி பலூன் வைத்துப் புதிய கார் எடுக்கிறார்கள். ஆறு ஆண்டு கட்டியும் சொந்தமாக ஒரு சக்கரம்கூட இல்லை.

கேட்டால், “கட்சிக்காரர் பார்க்கிறாரே” என்பார்கள். இந்த ஊரில் காந்தியும் முதலில் இதே கணக்கைத்தான் போட்டார். 1894இல் டர்பனில் தங்க முடிவெடுத்தபோது, ஒரு பாரிஸ்டர் நல்ல பகுதியில் வீடு வைத்துக் கௌரவமாக வாழ ஆண்டுக்கு 300 பவுனாவது வேண்டும் என்று நினைத்தார். சுமார் இருபது வணிகர்கள் தங்கள் வழக்கு வேலைகளை ஓராண்டுக்கு அவரிடம் ஒப்படைத்தார்கள். பிறகு சலவைச் செலவு அவரை உறுத்தத் தொடங்கியது. தாமே வெளுத்துக் கஞ்சி போட்ட காலரோடு ஒருநாள் நீதிமன்றம் போனார். கஞ்சி மிஞ்சிப்போய் உதிர்ந்துகொண்டே இருந்தது. சக பாரிஸ்டர்கள் சிரித்தார்கள். அதனால் தொழில் படுத்துவிடவில்லை. அதற்கு முன்பே, முதலாளி அடித்து முன்பல் உடைந்த பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி அவரைத் தேடி வந்தார். வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்துவிட்டா வந்தார்?

கட்சிக்காரர் பணத்தை வக்கீல் தனியே வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கு விஷயத்தில் மட்டும் எனக்கு வேடிக்கை வராது. வீடு விற்ற பணம், இழப்பீட்டுப் பணம் எல்லாம் அங்கே கட்சிக்காரர் பேரில் நிற்கும். பொதுவான டிரஸ்ட் கணக்கில் வட்டிகூட வக்கீலுக்குச் சேராது, கட்சிக்காரரைக் காக்கும் நிதியத்துக்குப் போகும். தவணை தட்டிய மாதத்தில், “பத்து நாளில் திருப்பி வைத்துவிடலாம்” என்று கை அங்கே நீண்டால், தணிக்கையில் அகப்படும். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் சட்டத் தொழில் மன்றம் நீதிமன்றத்துக்குப் போய் வக்கீல் பட்டியலிலிருந்தே பெயரை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். திருட வேண்டும் என்றே இந்தத் தொழிலுக்கு வந்த யாரையும் நான் சந்தித்ததில்லை. தவணைக்குப் பயந்து தூக்கம் கெட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

டிசம்பர் ஒரு தனி வியாதி. நீதிமன்ற விடுமுறையில் குடும்பத்தோடு சென்னை, பழனி, தி. நகரில் பட்டு, நகை. திரும்பி வந்தால் ஜனவரியில் பள்ளிக் கட்டணம். பிப்ரவரி முடிவதற்குள் முன்வரியின், அதாவது முன்கூட்டியே கட்டும் வருமான வரியின், இரண்டாம் தவணை. முதல் தவணை ஆகஸ்டு முடிவில். ஆண்டுதோறும் இதே தேதிகள்தான். ஆண்டுதோறும் இதே அதிர்ச்சிதான்.

டர்பனில் இந்தியர் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த பிள்ளை வக்கீலாகிவிட்டால் கோயில் உபயம், தங்கை கல்யாணம், சித்தப்பா மகனின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அவரைத் தேடி வரும். இதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வம்சம் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுத்தான் மேலே வந்தது. “இந்த ஆண்டு இவ்வளவுதான் முடியும்” என்று தொகையைச் சொல்லாமல், கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு மனைவியிடம்கூட மறைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது சிறிய வேலை. வரிக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு. பணம் வந்த அன்றே வாட் முழுவதும், மீதியில் மூன்றில் ஒரு பங்கும் அங்கே போய்விட வேண்டும். தனியாகத் தொழில் செய்பவருக்கு ஓய்வூதியம் சேர்க்க முதலாளி கிடையாது; ஓய்வுக்கால நிதியில் போடும் தொகைக்கு, வருமானத்தில் 27.5 விழுக்காடு வரை, சட்டம் வைத்த உச்சவரம்புக்குள் வரிக்கழிவு உண்டு. கார் கடைக்குப் போகும்முன் அதை முடித்துவிடுங்கள்.

போன மாதம் ஓர் இளம் வக்கீலோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டேன். கடைசியில் நின்ற தொகைக்கு ஐந்து வயதான கொரோலாதான் கட்டுப்படியானது. அவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, கட்சிக்காரர் இந்தக் காரைப் பார்த்துவிட்டால்?”

“அடுத்த தெருவில் நிறுத்துங்கள், தம்பி.”