மாணவ வேலையும் முழுநேர வேலையும் ஒரே வரியில்: நான் சரிசெய்த விதம்

கனடாவில் படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் முழுநேர வேலை. ஆனாலும் நிரந்தர வதிவிடத்துக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி இணைய முறையில் நான் பதிந்த சுயவிவரத்தில், கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான கனடிய அனுபவப் பிரிவுக்குத் தகுதியில்லை என்றே வந்தது.

முதலில் வேலைக் குறியீட்டைச் சந்தேகித்தேன். டீர் 1 (இந்தப் பிரிவு ஏற்கும் திறன்நிலைகளில் ஒன்று), பிரச்சினை இல்லை. மொழித் தேர்வு மதிப்பெண்ணும் சரி. ஆலோசகர் ஒருவர், “வாரம் 40 மணி நேரம்தானே, 1,560 மணி சீக்கிரமே முடிந்திருக்கும்” என்றார். இந்தப் பிரிவுக்குத் தேவையான ஓராண்டு அனுபவம்தான் அந்த 1,560 மணி. ஆனால் சீக்கிரமே முடிவது நடக்காது: வாரத்துக்கு 30 மணிக்கு மேல் கணக்கில் வராது.

சிக்கல் நிறுவனம் தந்த கடிதத்தில் இருந்தது. மாணவனாகப் பகுதிநேரம் பார்த்த மாதங்களையும் சேர்த்து ஒரே காலமாக, சராசரி மணி நேரத்தோடு எழுதியிருந்தார்கள். நானும் அப்படியே ஒரே வரியாகப் பதிந்திருந்தேன். முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலை இந்தப் பிரிவில் சேராது.

கடிதத்தை இரண்டு காலமாகப் பிரித்து வாங்கி, இரண்டு வரியாகப் பதிந்ததும் தகுதி வந்துவிட்டது. எங்கே பிரிப்பது என்பதுதான் முக்கியம். பட்டமளிப்பு விழா நாளில் அல்ல. அது மாதக்கணக்கில் தள்ளி வரும். படிப்பு முடிந்ததாகக் கல்லூரி எழுத்தில் தெரிவித்த நாளில் பிரிக்க வேண்டும். பணி அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தபோது முறைப்படி பார்த்த வேலையும் சேர்ந்தது. அந்த விண்ணப்ப ரசீதைக் கூடவே இணைத்தேன்.