மார்கழியில் செடி அறையைச் சாத்தி வைக்காதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டு மாடியில் செடி அறை இருக்கிறது. மேலே பாலிகார்பனேட் ஷீட், சுற்றிலும் கண்ணாடி ஜன்னல். கார்த்திகை மழை விட்டுப் பனி இறங்கியதும், செடிக்குக் குளிருமே என்று நாலு வீட்டிலும் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். தை பிறப்பதற்குள் இலையெல்லாம் வெள்ளை பூத்துவிடுகிறது.

வேலூரில் மார்கழி இரவு சராசரியாக 18 டிகிரி அளவில் இருக்கும். இதில் சாகிற செடி நம் வீடுகளில் அநேகமாகக் கிடையாது. அக்லோனிமா, கலாத்தியா, ஆந்தூரியம் மாதிரிச் செடிகள்தான் 15க்குக் கீழே போனால் வாடும். ராத்திரியில் அவற்றைக் கண்ணாடியோரத்திலிருந்து உள்ளே நகர்த்தினால் போதும். அறையை முழுக்க மூடினால் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கிளம்பும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், விடியற்காலையில் இலைமேல் முத்து முத்தாக நிற்கும். இலைப்புள்ளியும் அழுகலும் அதில்தான் பிடிக்கும். இலையை வெள்ளை பூக்க வைக்கும் சாம்பல் நோய்க்கோ ஓட்டமில்லாத காற்றே போதும். காலை 9 மணிக்கு எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து வையுங்கள். பொழுது சாய்ந்தபின் சாத்தும்போதும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது தண்ணீர். அதிகச் செடிகள் சாவது இதனால்தான். சித்திரையில் இரண்டு வேளை ஊற்றிப் பழகிய கை மார்கழியிலும் நிற்காது. ஐந்து வருடம் வளர்த்த அடீனியம் (பாலைவன ரோஜா) ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன். இலை கொட்டியதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன். குளிர்காலத்தில் அது இலையை உதிர்த்துத் தூங்கும், வேர் தண்ணீரைக் குடிக்காது என்பது அப்போது தெரியாது. ஒரு நாள் அடிக்கிழங்கை அமுக்கினேன், விரல் உள்ளே போய்விட்டது. இன்னும் அந்தத் தொட்டியில் வேறு செடி வைக்க மனம் வரவில்லை.

தென்னை நார்க் கழிவு கலந்த தொட்டியில் மேல்பக்கம் காய்ந்திருக்கும், இரண்டு அங்குலத்துக்குக் கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அதையும் காலையில், வேரடியில். சாயங்காலம் இலைமேல் தெளிக்கவே கூடாது.

வெளிச்சத்தைப் பலரும் யோசிப்பதில்லை. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மே முதல் ஜூலை வரை உச்சிப்பொழுதுச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து 54 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். அதனால் கோடையில் வெயில் வாங்கிய வடக்கு ஓரம் இப்போது நாள் முழுக்க நிழல். பூச்செடியையும் காய்ச்செடியையும் தெற்குப் பக்கம் மாற்றுங்கள், நிழல் வலை இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அதைத் தொட்டியில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் மூடிய அறைக்குள் பூ பூக்கும், காய் பிடிக்காது. கத்திரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளைதான் உண்டு. வண்டு வந்து அதிர வைத்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். ஜன்னலைத் திறக்க முடியாவிட்டால் காலையில் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

குண்டுமல்லி பூக்கவில்லையே என்று உரத்தை அள்ளிப் போடுவதும் வேண்டாம். இது அதற்குக் கவாத்துக் காலம். தண்ணீரைக் குறைத்து, நவம்பர் கடைசியில் வெட்டிவிட்டு, அப்புறம் மண்புழு உரம் கொடுத்தால் கோடையில் பூக்கும்.

மாசி பாதியில் வெயில் ஏறத் தொடங்கும். கழற்றிய நிழல் வலையை அதற்குள் மாட்டிவிடுங்கள். பங்குனிக்குத் தள்ளிப்போட்டால், பனிக்கால வெளிச்சத்தில் விட்ட இளந்தளிர் ஒரே வாரத்தில் கருகிவிடும்.