சென்னை ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ, லோக்கல் ட்ரெயின், பஸ்ல போறவங்க வழக்கமா பண்ற தப்புங்க

2016 செப்டம்பர்ல ஏர்போர்ட் – சின்னமலை மெட்ரோ ஓட ஆரம்பிச்சதுலருந்து, ஏர்போர்ட்னாலே கால் டாக்ஸி தான்ங்கிற பழக்கம் சென்னைல கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டு வருது. திரிசூலம் லோக்கல் ஸ்டேஷன் அதுக்கும் ரொம்ப முன்னாடியே ஏர்போர்ட்டுக்கு எதிர்லயே இருக்கு, பல பேரு அதை கண்டுக்கிறதே இல்ல. இவ்ளோ வசதி இருந்தும் மாட்டிக்கிறவங்க பாதி பேரு டைமிங்ல மாட்டிக்கிறாங்க, மீதி பேரு எந்த ஸ்டேஷன், எந்த பக்கம்னு பாக்காம மாட்டிக்கிறாங்க.

முதல்ல டைமிங். மெட்ரோ காலைல 5 மணிக்கு தான் ஆரம்பிக்குது, ராத்திரி 11 மணிக்கு கடைசி வண்டி கிளம்பிடும். 6:30 மணி ஃபிளைட் புக் பண்ணிட்டு "மெட்ரோ இருக்குல்ல, போய்க்கலாம்"னு சொல்றவங்க ஒரு தடவ கணக்கு போட்டு பாக்கணும். உள்நாட்டு ஃபிளைட்டுக்கு செக்-இன் கவுன்டர கிளம்புறதுக்கு 60 நிமிஷம் முன்னாடி மூடிடுவாங்க, அதாவது 5:30. சென்ட்ரல்லருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோல மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அப்புறம் ஸ்டேஷன்லருந்து டெர்மினலுக்கு நடை, வாசல்ல சிஐஎஸ்எஃப் ஆளு டிக்கெட்டும் ஐடியும் பாக்குற க்யூ. முதல் வண்டியே புடிச்சாலும் வேலைக்கு ஆகாது. வெப் செக்-இன் முடிச்சு கைப்பை மட்டும் வச்சிருந்தா ஓடிப்போய் ஏறிடலாம் தான், ஆனா அந்த டென்ஷன் எதுக்கு? எட்டு மணிக்கு மேல இருக்கிற ஃபிளைட்டுன்னா மெட்ரோவ தைரியமா நம்பலாம்.

வர்ற பக்கமும் இதே கதை. வளைகுடாவுலருந்தும் சிங்கப்பூர் மலேசியாலருந்தும் வர்ற ஃபிளைட்டு நிறைய நடுராத்திரிக்கு மேல தான் இறங்குது, அப்போ மெட்ரோ தூங்கிட்டு இருக்கும். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு லேண்டிங், கடைசி மெட்ரோ புடிச்சிடலாம்னு பிளான் போடுறவங்களும் இருக்காங்க, இமிக்ரேஷன் க்யூ எவ்ளோ நீளம்னும் பெல்ட்ல பெட்டி எப்போ வரும்னும் உங்க கையில இல்லைங்க, அந்த பிளான்ல ரிசர்வா ஒரு டாக்ஸி காசு எடுத்து வச்சுக்கிட்டே வாங்க. விடிகாலை 4 மணிக்கு மேல வெளிய வந்தீங்கன்னா மட்டும் ஒரு காபி குடிச்சிட்டு வெயிட் பண்ணி மெட்ரோல போறது லாபம்.

அடுத்தது நம்ம ஊர்க்காரங்களே பண்றது. எல்லாரும் "மீனம்பாக்கம் ஏர்போர்ட்"னு சொல்லியே பழக்கம், அதனால வெளியூர்லருந்து வர்ற சொந்தக்காரங்க லோக்கல் ட்ரெயின்ல மீனம்பாக்கத்துல இறங்கிடுறாங்க. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம் தாண்டி அடுத்து வர்ற திரிசூலம் தான் நீங்க இறங்க வேண்டிய இடம். மெட்ரோலயும் இதே குழப்பம் வரும், அங்கயும் மீனம்பாக்கம்னு ஒரு ஸ்டேஷன் தனியா இருக்கு, ஏர்போர்ட் அதுக்கும் அடுத்தது, கடைசி ஸ்டேஷன். தப்பா மீனம்பாக்கத்துல இறங்கிட்டீங்கன்னா பதறாதீங்க, அடுத்த வண்டில ஏறி ஒரே ஒரு ஸ்டாப் போனா போதும். பெட்டிய இழுத்துட்டு ஏர்போர்ட் முன்னாடி போற ஜிஎஸ்டி மெயின் ரோட்டோரமா நடக்க மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க.

திரிசூலத்துல இறங்குறவங்க ஜிஎஸ்டி ரோட்ட குறுக்க ஓடி தாண்டப் பாக்குறாங்க, இது தப்புன்னு சொல்றத விட பைத்தியக்காரத்தனம்னே சொல்லலாம். பஸ்சும் லாரியும் அந்த ரோட்ல வர்ற வேகத்துக்கு அங்க நிக்கவே பயமா இருக்கும். கீழ சுரங்கப்பாதை இருக்கு, அதுல போனா மறுபக்கம் ஏர்போர்ட் பக்கமே வந்துடலாம்.

இப்போ எந்த பக்கம்ங்கிற விஷயம், இது தான் பெரிய தலைவலி. ஏர்போர்ட் மெட்ரோ ஒரு பக்கம் தான் போகும், சிட்டிக்குள்ள. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போறவங்க மெட்ரோ ஸ்டேஷன் மேல ஏறிப் போய் "தாம்பரம் டிக்கெட்"னு கேக்குறத நீங்களே பாத்திருப்பீங்க. அந்த பக்கம் போக திரிசூலத்துல லோக்கல் புடிங்க, இல்ல ஜிஎஸ்டி ரோட்ல பஸ் ஏறுங்க. தி.நகர் போறவங்களுக்கும் லோக்கல் தான் பெஸ்ட், மாம்பலத்துல இறங்கினா ரங்கநாதன் தெரு வாசல்லயே விட்டுடும்.

எக்மோர் போறவங்க கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. மெட்ரோ மேப்ப பாத்தா எக்மோர் பச்சை லைன்ல இருக்கு, உடனே ஆலந்தூர்ல இறங்கி பச்சை லைன் மாறிடுறாங்க. அந்த லைன் அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர்னு ஊர் முழுக்க சுத்திட்டு தான் எக்மோர் போகும். ஏர்போர்ட்ல ஏறின நீல லைன்லயே உக்காந்து அண்ணா சாலை வழியா சென்ட்ரல் போய், அங்க மாறினா எக்மோர் அடுத்த ஸ்டாப். இன்னும் சிம்பிளா வேணும்னா திரிசூலத்துல லோக்கல் ஏறினா நேரா எக்மோர், மாறவே வேணாம், காசும் மெட்ரோவ விட ரொம்ப கம்மி. வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் போறவங்க மட்டும் ஆலந்தூர்ல மாறுங்க.

சென்ட்ரலுக்கு லோக்கல்ல போறவங்க "சென்ட்ரல்"னு போர்டு வரும்னு காத்துட்டு இருந்து கடைசில பீச் ஸ்டேஷன்ல போய் இறங்குவாங்க. பீச் லைன்ல சென்ட்ரலுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் பேரு பார்க், அங்க இறங்கி ரோட்டுக்கு அந்த பக்கம் போனா சென்ட்ரல். பெரிய பெட்டி நிறைய இருந்தா இதுக்கு மெட்ரோ தான் நல்லது, லிஃப்ட் எஸ்கலேட்டர் எல்லாம் இருக்கு.

லோக்கல்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2025 ஏப்ரல்லருந்து பீச் – செங்கல்பட்டு லைன்ல ஏசி லோக்கலும் ஓடுது, கதவு தானா மூடும், பாக்க ஜம்முன்னு இருக்கும், சாதா டிக்கெட்ட கையில வச்சுக்கிட்டு அதுல ஏறினா ஃபைன் தான். ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டிலயும் அப்படித்தான், கூட்டம் இல்லையேன்னு லக்கேஜோட ஏறி உக்காந்துடுவாங்க, அப்புறம் டிடிஆர் வந்து நிப்பாரு. காலைல 8 மணிலருந்து 10 மணி வரைக்கும் சிட்டி பக்கமும், சாயங்காலம் ஆபிஸ் விடுற நேரத்துல தாம்பரம் பக்கமும் ரெண்டு லக்கேஜோட லோக்கல் ஏறணும்னு நினைக்கவே நினைக்காதீங்க.

டிக்கெட் விஷயத்துல வெளிநாட்லருந்து வர்றவங்க தான் அதிகமா திண்டாடுறாங்க. வாட்ஸ்அப்ல டிக்கெட், ஆப்ல க்யூஆர், யுபிஐன்னு எல்லாமே போன்ல வந்துடுச்சு, ஆனா லோக்கல் சிம் இல்லாம போன்ல நெட் எங்கருந்து வரும்? கையில நூறு ரூபா நோட்டு ரெண்டு மூணு இருந்தா போதும், மெட்ரோ கவுன்டர்ல காசு குடுத்தே டிக்கெட் வாங்கிடலாம், மெட்ரோல எவ்ளோ தூரம் போனாலும் 50 ரூபாய தாண்டாது. போன்ல வாங்கினா 20 சதவீதம் கம்மி, அது சிம் இருக்கிறவங்களுக்கு. டிராயர்ல கெடக்குற பழைய சிஎம்ஆர்எல் (சென்னை மெட்ரோ) டிராவல் கார்ட நம்பி வராதீங்க, 2025 ஆகஸ்ட்லருந்து அதுல ரீசார்ஜ் கிடையாது, இப்போ சிங்கார சென்னை கார்டு தான், அது எம்டிசி சிட்டி பஸ்லயும் செல்லும்.

தென் மாவட்டங்கள்லருந்து பஸ்ல வர்றவங்க இன்னும் பழைய கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் கணக்குலயே இருக்காங்க. 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்தாச்சு, பஸ்ஸெல்லாம் அங்கயே நின்னுடும். ஒரு விதத்துல உங்களுக்கு நல்லது தான், ஏன்னா ஏர்போர்ட் கிளாம்பாக்கத்துக்கும் சிட்டிக்கும் நடுவுல இருக்கு. ஜிஎஸ்டி ரோட் வழியா கிண்டி பக்கம் போற எம்டிசி பஸ் எது ஏறினாலும் ஏர்போர்ட் ஸ்டாப்ல இறங்கிடலாம். மதுரவாயல் பைபாஸ் வழியா போற பஸ்ல ஏறிட்டா மட்டும் முடிஞ்சுது, அது பெருங்களத்தூர்லயே திரும்பிடும், ஏர்போர்ட் பக்கமே வராது. ஏறுறதுக்கு முன்னாடி "ஏர்போர்ட் போகுமாண்ணா"ன்னு கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கிளாம்பாக்கத்துலருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வரப்போகுதுன்னு நியூஸ்ல பாத்து அங்க போய் மெட்ரோவ தேடாதீங்க.

டெர்மினல் குழப்பத்தையும் சொல்லிடுறேன். உள்நாட்டுக்கு டி1, டி4, வெளிநாட்டுக்கு டி2. இதுல டி4 இருக்கிற கட்டடம் முன்னாடி இன்டர்நேஷனலா இருந்தது, அதனால பழைய ஞாபகத்துல வழியனுப்ப வர்ற மாமா சித்தப்பாங்க துபாய் போறவங்கள கூட்டிட்டு அங்க போய் நின்னுடுவாங்க. எந்த ஏர்லைன் எந்த டெர்மினல்னு அப்பப்போ மாத்துறாங்க, போன தடவ போன இடத்துக்கே போகாம டிக்கெட்ல போட்டிருக்கிறத பாருங்க.

கடைசியா, மெட்ரோ இல்லாத நேரத்துல ஓலா, ஊபர் புக் பண்றவங்களுக்கு. அரைவல் வாசல்ல நின்னுட்டு "எங்க இருக்கீங்க, நான் வெளிய தான் நிக்கிறேன்"னு டிரைவர்கிட்ட போன்ல சண்டை போடாதீங்க, அவரு மல்டி லெவல் கார் பார்க்கிங்ல தான் நிப்பாரு, நீங்க தான் அங்க போகணும். பேட்டரி வண்டி ஓடுது, வயசானவங்க கூட இருந்தா அவங்கள அதுல ஏத்தி விட்டுட்டு, பார்க்கிங் கிட்ட போனதுக்கு அப்புறமா புக் பண்ணுங்க, வெயிட்டிங் சார்ஜும் மிச்சம்.